1969 மொறிஸ் மைனர் பிக்கப்: ஸ்ரியரிங் கல்லுப்போல இறுகிவிட்டது, பவர் ஸ்ரியரிங் பூட்டலாமா?

பச்சை மைனர் (நீர்வேலி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1969ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1098 சிசி எஞ்சின். போன வருடம்தான் இறக்கிச் செய்தோம், சத்தம் போடாமல் ஓடுகிறது. பிரேக்கும் சரி. ஸ்ரியரிங்தான் உயிரை எடுக்கிறது. ஓடும்போது சமாளிக்கலாம். சுன்னாகம் சந்தைக்குள் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டுமென்றால் இரண்டு கையாலும் தொங்க வேண்டும். அப்பாவுக்கு 74 வயது. வாழைக்குலை ஏற்றி இறக்கியே நாற்பது வருடம் இதை ஓடினவர், இப்போது தொடுவதே இல்லை. வெட்டித் திருப்பிய பிறகு ஸ்ரியரிங் தானாகத் திரும்பி வருவதும் இல்லை. நாங்களே இழுத்து நேராக்க வேண்டும்.

இன்னொன்று, வலப்பக்க முன் சில்லில் ஒரு சின்ன ‘டக் டக்’. குழிக்குள் விழுந்தால் மட்டும் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும். அது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு கராச்சில் காட்டினேன். பழசு அப்படித்தான் இருக்கும், வகன் ஆர் காரின் மின்சார ஸ்ரியரிங் கொலம் (மோட்டர் பூட்டிய ஸ்ரியரிங் தண்டு) ஒன்று எடுத்து வாருங்கள், வெட்டி ஒட்டித் தருகிறோம் என்றார்கள். கழிவு வண்டி உடைக்கும் இடத்தில் ஒன்று வாங்கியும் விட்டேன், கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. யாராவது மைனரில் இதைச் செய்திருக்கிறீர்களா? எந்த வயர் எங்கே போக வேண்டும்?

ஹரோ டிராவலர் (லண்டன்)

செய்திருக்கிறேன் தம்பி. என்னுடையது மரச்சட்டம் போட்ட டிராவலர். எனக்கு மணிக்கட்டு வலி, வீட்டு வாசலில் தரிப்பிடம் ஒரு சாண்தான் அகலம், அதனால் செய்தேன். இங்கே வொக்ஸ்ஹோல் கோர்சாவின் மின்சாரக் கொலத்தைப் பலரும் மைனருக்குப் பூட்டுகிறார்கள். அது காரின் கணினியிலிருந்து வேகத் தகவல் வராவிட்டாலும் ஒரே அளவு உதவியைக் கொடுத்துக்கொண்டு வேலை செய்யும். சின்னப் பெட்டி ஒன்று விற்கிறார்கள், அதில் உள்ள குமிழைத் திருகி உதவியைக் கூட்டிக் குறைக்கலாம். உன்னிடம் இருப்பது அப்படி நடக்குமா என்பதை மேசையில் வைத்து பற்றரி கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும்.

ஆனால் உன் பதிவில் எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஒன்று, ‘வெட்டி ஒட்டி’. ஸ்ரியரிங் தண்டை கராச்சின் மூலையில் வைத்து வெல்டிங் பிடிக்க விடாதே. என்னுடையதில் கீழ்த்தண்டைப் பல்லோடு சேர்த்துக் கடைந்து எடுத்து, கவ்வி ஆணி போட்டு இறுக்கியிருக்கிறது. ஒட்டு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, மைனர் இறுகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் இதை வடிவமைத்த இசிகோனிஸ் இந்தக் காரை வெளியே விட்டபோதே அதில் றாக் அன்ட் பினியன்தான், அதாவது பல் வெட்டிய தண்டை ஒரு சின்னப் பற்சக்கரம் இடம் வலமாகத் தள்ளும் வகை. மற்றவர்கள் பலர் பெட்டி ஸ்ரியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. எல்லாம் சரியாக இருந்தால் சின்னப் பிள்ளையும் திருப்பும். உன்னுடையது இறுகுகிறது என்றால் எங்கேயோ பிடிக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மோட்டரை ஏன் பூட்டுகிறாய்?

கராச்சுக்காரன் (வவுனியா)

முந்தினவர் சொன்னதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன். அந்த ‘டக் டக்’கைச் சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறீர். அதுதான் பெரிய விஷயம். வண்டியைச் சந்தைக்குக் கொண்டு போகாதேயும். இன்றைக்கே நிறுத்தும்.

மைனரின் முன் சில்லு எதில் தொங்குகிறது தெரியுமா? நிமிர்ந்து நிற்கிற ஒரு கிங் பின். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியில் ஒவ்வொரு உலோகக் கட்டை ஏறியிருக்கும், அதற்குப் பெயர் ட்ரனியன். மேலது ஷொக் அப்சோர்பரின் கையோடு, கீழது கீழ்க்கையோடு. நீங்கள் ஸ்ரியரிங் வெட்டும்போது சில்லு அந்தப் புரியில்தான் சுழல்கிறது. கிரீஸ் போகாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். காய்ந்து பிடிக்கும், அல்லது புரி தேய்ந்து கத்தி முனை போல மெலியும். மெலிந்த புரி ஒருநாள் வழுக்கும். டோர்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிற முறுக்குக் கம்பி, கீழ்க்கையைக் கீழே தள்ளிக்கொண்டே இருப்பதால் ட்ரனியன் கிங் பின்னை விட்டுக் கழன்று போகும், சில்லு மட்காட்டுக்குள் மடியும், வண்டி மூக்குக் குத்திப் படுக்கும். வழக்கமாக இது நடப்பது வேகமாகப் போகும்போது அல்ல. முழு வெட்டு வெட்டி மெதுவாகப் பின்னுக்கு எடுக்கும்போது. அதாவது நீங்கள் சந்தைக்குள் செய்கிற அதே வேலை.

என் கராச்சு வாசலில் இப்படி மடிந்த மைனர் எத்தனையோ வந்திருக்கிறது. பலது கட்டியிழுத்துத்தான்.

எல்லாம்_மாத்து

எதற்கு இந்தக் கட்டையோடு மாரடிப்பு? ஏதாவது ஒரு ஜப்பான் வானின் முன்பகுதியை அப்படியே அறுத்து வைத்தால் பவர் ஸ்ரியரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். பிக்கப்புக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறதே, கார் மாதிரி உடலோடு ஒட்டியதில்லையே.

கராச்சுக்காரன் (வவுனியா)

சட்டம் தனி என்பது உண்மை. 1953இல் வானும் பிக்கப்பும் வந்த நாள்முதல் அப்படித்தான். ஆனால் முன்பக்கம் காரில் இருப்பதும் பிக்கப்பில் இருப்பதும் ஒரே வகைதான். டோர்ஷன் பார் முன்னிருந்து பின்னால் ஓடி, இருக்கைக்குக் கீழ் உள்ள குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கும். அந்த பாரத்தை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுகிறீர், அதற்கு யார் கணக்குப் போட்டது? அறுத்து வைத்த வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். நேராக நின்றால் அழகுதான்.

ஹெரால்டு கோவை

வணக்கம்ங்க. நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் வண்டி மைனர் இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் செய்தது. முதலில் ஒரு சந்தேகம், சில்லு என்றால் சக்கரம்தானே? எங்கள் ஊரில் சில்லு என்றால் தேங்காய்ச் சில்லுதான் நினைவுக்கு வரும். மூன்று பதிவு படித்த பிறகுதான் பிடிபட்டது.

ஹெரால்டிலும் கீழே இதே மாதிரி ட்ரனியன் உண்டு, மேலே மட்டும் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). வியாதியும் அதேதான். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று கம்பெனிப் புத்தகமே சொல்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் யாருக்கும் அது தெரியாது. கிரீஸ் ஏற்றும் சின்ன வாயான நிப்பிளைக் கண்ட இடத்தில் எல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் புரிக்குள் இறங்காமல் வாயிலேயே காய்ந்து நிற்கும். எனக்கு அப்படித்தான் இடது பக்கம் வெர்டிகல் லிங்க் (உங்கள் கிங் பின் மாதிரி) புரி ஓரத்திலேயே முறிந்தது. நல்ல வேளை, வீட்டு வாசலில். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அந்த முழு வெட்டை வெட்டிக் காட்டினேன், மச்சினன் முன்னால்.

உங்கள் மைனருக்கும் எண்ணெய்தானா?

கராச்சுக்காரன் (வவுனியா)

தம்பி, சில்லு சக்கரம்தான். ரயர் என்றால் டயர், அதையும் சொல்லி வைக்கிறேன்.

மைனரின் கிங் பின்னுக்குக் கிரீஸ். றாக்குக்குத்தான் எண்ணெய். இதை நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். றாக்கில் நிப்பிள் ஒன்று இருக்கும், அதைக் கண்டவுடன் கிரீஸ் அடிப்பார்கள், அது உள்ளே போய்ப் பாகுபோல இறுகும். எங்கள் பக்கத்தில் தொண்ணூறுகளில் கிரீஸே கிடையாது. பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லாமல், கார்புரேற்றருக்குள் நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடின காலம். அப்போது கிங் பின்னுக்கு எஞ்சின் கழிவெண்ணெய்தான் விட்டோம். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வண்டிகளில் ட்ரனியன் தேய்ந்தது குறைவு. கழிவெண்ணெய் வழிந்து போய்விடும் என்று வாரத்துக்கு ஒருக்கா விட்டதால் இருக்கலாம். ஆகவே உம்முடைய ஈபி 90க்கு நான் எதிரியில்லை.

பச்சை மைனருக்கு: கழற்றுவதற்கு முன் நோயைப் பிரித்துப் பாரும். செலவு ஒன்றுமில்லை, ஒரு பின்னேரம் போதும்.

பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் கல் வையும். முன்பக்கத்தைத் தூக்கிச் சட்டத்துக்குக் கீழே நல்ல மரக்குற்றி கொடும், ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதேயும். றாக்கையும் சில்லையும் இணைக்கிற ரை றொட்டின் முனைகளை இரண்டு பக்கத்திலும் ஸ்ரியரிங் கையிலிருந்து விடுவியும். சுரையை (நட்டை) கழற்றிவிட்டு ஆணியின் தலையில் அடிக்காதேயும், புரி நசிந்து போகும். அது பூட்டியிருக்கிற கண்ணின் பக்கவாட்டில் ஒரு பெரிய சுத்தியலை அணைத்து வைத்து எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் நறுக்கென்று ஒரு தட்டு, தானாகக் கழரும்.

இப்போது மூன்று பொருளும் தனித்தனி. உள்ளே இருந்து ஸ்ரியரிங்கைச் சுற்றும். இரண்டு விரலுக்குச் சுற்றினால் றாக்கும் கொலமும் சுத்தம். பிறகு ஒவ்வொரு சில்லையும் கையால் பிடித்து இடம் வலமாகத் திருப்பும். எங்கே பிடிக்கிறது என்று உம்முடைய கையே சொல்லும்.

அப்புறம் ‘டக் டக்’. இதற்கு ஜக்கை இடம் மாற்ற வேண்டும். சட்டத்தில் தூக்கினால் டோர்ஷன் பார் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், புரி தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கீழ்க்கையின் வெளி ஓரத்தில் ஜக்கை வைத்துத் தூக்கும். ரயருக்குக் கீழே அலவாங்கை (கடப்பாரையை) விட்டு மேலே நெம்பும். அசைந்தால் புரி போய்விட்டது.

மின்கலம் (மட்டக்களப்பு)

நான் வாகன மின்சார வேலை செய்கிறவன். கட்டிலுக்குக் கீழே கிடக்கும் கொலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அண்ணை, உங்கள் மைனரில் பற்றரியை ஏற்றுவது பழைய டைனமோவா, அல்ரனேற்றர் மாற்றியாச்சா? டைனமோ என்றால் அனேகமாக லூக்கஸ் சி40. அதன் முழுக் கொள்ளளவு 22 அம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. சும்மா நிற்கிற வேகத்தில் டைனமோ ஒன்றும் தராது, அதனால்தான் சிவப்பு விளக்கு எரிகிறது. மின்சார ஸ்ரியரிங் மோட்டர் அதிகம் இழுப்பது எப்போது? நின்ற இடத்தில் வெட்டும்போது. அப்போது முப்பது நாற்பது அம்பியர் கேட்கும். கொடுப்பதற்கு ஆளில்லாத நேரத்தில்தான் அது கையை நீட்டும். முழுக்க பற்றரியின் தலையில் விழும். இரவில் விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் திரும்பி வரத் தள்ளுவதற்கு ஆள் வேண்டும்.

இன்னொன்று, இது அதைவிட முக்கியம். மைனர் கொம்பனியிலிருந்து வரும்போது பற்றரியின் நேர் முனைதான் உடலில் பூட்டியிருக்கும். ஜப்பான் கொலத்துக்கு எதிர் முனை உடலில் இருக்க வேண்டும். மாற்றாமல் வயர் கொடுத்தால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரே விநாடியில் போய்விடும். பிறகு விற்கவும் முடியாது.

பச்சை மைனர் (நீர்வேலி)

டைனமோதான். நேர் முனைதான் உடலில். வயர் கொடுக்கவில்லை, தப்பினேன்.

சனிக்கிழமை கராச்சுக்காரன் ஐயா சொன்னபடி செய்கிறேன்.

ஹரோ டிராவலர் (லண்டன்)

ரயர் என்ன அளவு என்று எழுதவில்லையே? காற்று எவ்வளவு?

பச்சை மைனர் (நீர்வேலி)

165 அகலம், 14 அங்குலம், ரேடியல். அகலமாக இருந்தால் பாரம் தாங்கும் என்று போட்டேன். காற்று... அளந்து பார்த்தேன், முன்னால் ஒன்றில் 17 பவுண்ட், மற்றதில் 19. வெட்கமாக இருக்கிறது.

ஹரோ டிராவலர் (லண்டன்)

மைனர் காருக்கு முதலில் வந்தது 5.00 அங்குல ஒல்லி ரயர், பழைய கிரொஸ் பிளை வகை. அதற்கே முன்னால் 22 என்று கைநூல் சொல்லும். ரேடியலுக்கு நான் 26 வைக்கிறேன். 165ஐ 17 பவுண்டில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் திருப்பினால் வில்லனும் திருப்ப மாட்டான். முதலில் காற்று அடி. அடுத்த முறை 145 அல்லது 155.

பச்சை மைனர் (நீர்வேலி)

பார்த்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றை 26க்கு ஏற்றியதும் கொஞ்சம் இலகுவானது உண்மை. ஆனால் கொஞ்சம்தான்.

ரை றொட் இரண்டையும் விடுவித்தேன். இரண்டு சுத்தியல் முறை முதல் அடியிலேயே வேலை செய்தது, இதுவரை நான் அடித்து நாசமாக்கிய ஆணிகளை நினைத்துக் கவலைப்பட்டேன். ஸ்ரியரிங்கைச் சுற்றினால் இரண்டு விரலுக்குச் சுற்றவில்லை, ஒரு கைக்குச் சுற்றியது. நடுவில் ஒரு மாதிரி இழுவை. இடப்பக்கச் சில்லுக்கு இரண்டு கையும் காலும் வேண்டியிருந்தது. வலப்பக்கம் சும்மா காற்றாடி போலத் திரும்பியது. அட, இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு ஜக்கைக் கீழ்க்கைக்கு மாற்றி அலவாங்கால் நெம்பினேன். கண்ணால் பார்க்கும்படி மேலும் கீழும் போகிறது. மூன்று மில்லிமீற்றர் இருக்கும். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் அப்பாவைக் கூப்பிட்டான், அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இந்த வண்டியில்தான் போன மாதம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

இடப்பக்கம் ஏன் இறுகியது என்பதுதான் கதை. அந்த நிப்பிளுக்கு நானே மாதா மாதம் கிரீஸ் அடித்திருக்கிறேன். கழற்றிப் பார்த்தால் நிப்பிளின் துளை செம்மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து சீமெந்துபோல அடைத்திருக்கிறது. நான் அடித்த கிரீஸ் எல்லாம் நிப்பிளின் வெளியால் வழிந்திருக்கிறது. வழிகிறது, ஆகவே நிறைந்துவிட்டது என்று நானும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

றாக்கின் ரப்பர் உறை ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, உள்ளே கிரீஸ், ஐயா சொன்ன அதே பாகு. றாக்கை உடலோடு பிடிக்கும் கவ்விகளில் ஒன்றின் ஆணி கையாலேயே சுற்றக்கூடியதாக இருந்தது.

இப்போது என்ன வாங்க வேண்டும்?

கராச்சுக்காரன் (வவுனியா)

வலப்பக்கம்: கிங் பின், கீழ் ட்ரனியன், மேல் ட்ரனியன். ட்ரனியனை மட்டும் மாற்றிப் பழைய கிங் பின்னை விட்டால் ஆறு மாதத்தில் திரும்பக் கழற்றுவீர். இடப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து முடிவெடும், காய்ந்தது எல்லாம் தேய்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இரு பக்கத்துக்கும் தூசி மறைக்கிற கோர்க் வளையம் புதிது. கீழ்க்கை ரப்பர் புஷ்களும் சேர்த்து வாங்கும்.

கவனம், வலப்பக்கப் புரி வேறு, இடப்பக்கப் புரி வேறு. ஒன்று மணிக்கூட்டுத் திசையில் ஏறும், மற்றது எதிர்த்திசையில். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஏறாவிட்டால் ஏறவில்லை, தண்டு போட்டு இறுக்கி ஏற்றாதேயும்.

டோர்ஷன் பாரைப் பற்றி நான் இரண்டு தரம் சொல்வேன். கீழ்க்கையை விடுவிக்கும்போது ஜக் அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஜக்கை மெதுமெதுவாக இறக்கி, பாரின் முறுக்கு முழுக்க விட்ட பிறகுதான் கையைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கையில் விழும் அடி சாதாரண அடி இல்லை. பார்களைக் கழற்ற நேர்ந்தால் இடம் வலம் மாற்றிப் பூட்டக் கூடாது. இத்தனை வருடம் ஒரு பக்கம் முறுகியது அந்தப் பக்கத்துக்கே பழகியிருக்கும், மறுபக்கம் முறுக்கினால் முறியும்.

ஹெரால்டு கோவை

உதிரிப்பாகம் அங்கே கிடைக்கிறதா? எனக்கு ஒரு பொருளுக்கு உக்கடம் முழுக்கச் சுற்றி, கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருக்கிறது.

ஹரோ டிராவலர் (லண்டன்)

மைனருக்குக் கஷ்டமில்லை. சொல்லப்போனால் 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொறிஸ் மைனர் சென்ரருக்காக இலங்கையிலேயே தொழிற்சாலை போட்டு மைனர் பாகங்கள் செய்தார்கள். இங்கிலாந்துக் கார்களுக்கு இலங்கைத் தகடு. இங்கே யாராவது பழைய மைனரைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமை பேசினால் நான் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பச்சை மைனர் (நீர்வேலி)

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தேன். ஒரு கடையில் இரண்டு பக்கத்துக்குமான சோடி என்று தந்தார்கள், பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து பழையதில் ஏற்றிப் பார்த்தால் இரண்டும் இடப்பக்கத்தது. ஐயா சொல்லாவிட்டால் தண்டு போட்டு இறுக்கியிருப்பேன். மாற்றி எடுக்க ஒரு கிழமை போய்விட்டது. இனிமேல் யாராவது வாங்கப் போனால் உங்கள் பழைய கிங் பின்னைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடையிலேயே ஏற்றிப் பாருங்கள்.

இடப்பக்கத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டேன். புரி நன்றாகவே இருக்கிறது. துளையை மெல்லிய கம்பியால் குத்தி, புது நிப்பிள் போட்டேன். கழற்றிய வலப்பக்க ட்ரனியனின் உள்ளே விரலை விட்டால் புரி இருப்பதே தெரியவில்லை, கீழ்ப்பாதி வழவழவென்று இருக்கிறது.

ஒரு சந்தேகம். புது ட்ரனியனை முழுதாக இறுக்கிப் பூட்டினேன், இப்போது வலப்பக்கம் வெட்டும்போது பாதியில் முட்டுகிறது.

கராச்சுக்காரன் (வவுனியா)

முழுதாக இறுக்கினால் முட்டத்தான் செய்யும். அது சுரை இல்லை, கதவின் பிணைச்சல். அடி வரை ஏற்றிவிட்டுப் பின்னுக்கு ஒரு சுற்றளவு விடும். பிறகு இடக் கோடியிலிருந்து வலக் கோடிவரை முழுதாகத் திருப்பிப் பார்த்து, எந்த இடத்திலும் முட்டவில்லை என்றால் பூட்டும்.

கிரீஸ் அடிக்கும்போதும் சில்லில் பாரம் இல்லாமல் தூக்கி வைத்து, ஒருவர் ஸ்ரியரிங்கை இரு பக்கமும் மெதுவாக வெட்ட, மற்றவர் அடிக்க வேண்டும். மேலே கோர்க் வளையத்தின் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை. நிப்பிளின் கழுத்தில் வருவது கணக்கில் இல்லை, அது உமக்கே தெரியும்.

பச்சை மைனர் (நீர்வேலி)

சரியாகிவிட்டது ஐயா. அந்த ஒரு சுற்றுத்தான்.

றாக்கைக் கழற்றிக் கழுவி, புது உறை போட்டு, ஈபி 90 விட்டேன். கவ்வி ஆணிகளை இறுக்கினேன். முன் சில்லுகளின் நேரைச் சரிபார்க்க இங்கே கிட்டடியில் கருவி இல்லை. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீற்றர் ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கைநூலில் பார்த்தேன். ரிம்மில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, அச்சின் உயரத்தில் முன்னால் அளந்து, வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளி, அதே கோட்டைப் பின்னால் அளந்தேன். எங்களுடையது பதினொரு மில்லிமீற்றர்! ரயரின் வெளி ஓரம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று இப்போதுதான் விளங்கியது. இரண்டு ரை றொட்டையும் ஒரே அளவு திருகி இரண்டரைக்குக் கொண்டு வந்தேன்.

ஹரோ டிராவலர் (லண்டன்)

நூல் கட்டி அளந்தாலும் இதைவிடச் சரியாக வராது. ஓட்டிப் பார்த்தாயா?

பச்சை மைனர் (நீர்வேலி)

பார்த்தேன். நின்ற இடத்தில் வெட்டக் கொஞ்சம் பலம் வேண்டும்தான், 165 ரயர் இன்னும் மாற்றவில்லை. சில்லு ஒரு அங்குலம் உருண்டாலே போதும், ஒரு கையால் வருகிறது. வெட்டிவிட்டுக் கையை விட்டால் தானாக நேராகிறது. ‘டக் டக்’ இல்லை. அதற்குப் பதிலாக இப்போது பின்கதவின் சத்தம் கேட்கிறது, இத்தனை நாள் கேட்கவே இல்லை.

அப்பா நேற்றுச் சந்தைவரை ஓடினார். நான் பக்கத்தில். பின்னுக்கு எடுத்துத் திருப்பும்போது மட்டும் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் திருப்பினார்.

மின்கலம் (மட்டக்களப்பு)

அப்போ கொலம்?

பச்சை மைனர் (நீர்வேலி)

கட்டிலுக்குக் கீழேதான். வேண்டுமானால் வாங்கிய விலைக்கே தருகிறேன். அதற்கு முதல் மேசையில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், நான் தொட மாட்டேன்.

எல்லாம்_மாத்து

நான் எடுக்கிறேன். என்ன விலை?

ஹெரால்டு கோவை

அவருக்குக் கொடுத்துவிடாதீங்க, அறுத்துவிடுவார்.

கராச்சுக்காரன் (வவுனியா)

கிரீஸ் அடித்த நாளையும் கிலோமீற்றரையும் ஒரு மட்டையில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே செருகி வையும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது 1600 கிலோமீற்றர். குலை ஏற்றுகிறீர், செம்மண் ரோட்டில் ஓடுகிறீர், ஆகவே உமக்கு 1000.

பச்சை மைனர் (நீர்வேலி)

எழுதியாச்சு ஐயா. சிகரெட் பெட்டி மட்டைதான் கிடைத்தது, அப்பாவுடையது. விட்டுவிட்டேன் என்று சொன்னவர்.